படம் போட்ட புத்தகங்களும் பயந்த பெரியவர்களும்

ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளைகளில் பதின்ம வயதினருக்கென்று தனி அடுக்குகள் உண்டு. ஸ்காபரோவில் தமிழர் கூடுதலாக வாழும் பகுதிகளின் கிளைகளில் தமிழ் நூல்களுக்கும் அடுக்குகள் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போகும் பெற்றோர் தமிழ் அடுக்கின் முன்னால் நின்று ஒரு நாவலைப் புரட்டிக்கொண்டிருக்க, பிள்ளை தன் அடுக்கில் தனக்கு வேண்டியதை எடுத்து வரும். இருவரும் ஒரே காரில் வீடு திரும்புவார்கள். ஒருவர் மடியில் இருக்கும் புத்தகம் எதைப் பற்றியது என்று மற்றவருக்குப் பெரும்பாலும் தெரியாது.

பிள்ளையின் அடுக்கில் இன்று என்னென்ன இருக்கின்றன? இரண்டு அம்மாக்களோடு வளரும் சிறுமியின் கதை இருக்கிறது. இன்னொரு பையனிடம் மனதைப் பறிகொடுத்த பையனின் கதை இருக்கிறது. ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிகளுக்குள்ளும் அடங்காத பிள்ளையின் கதை இருக்கிறது. இவற்றில் கணிசமானவை படக்கதைகள். இப்போதைய பெயரில் கிராஃபிக் நாவல்கள். தன்பாலை விரும்புவோரையும் திருநரையும் வழமையான வகுப்புகளுக்குள் தம்மை அடக்காதோரையும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘குயர்’ என்கிறார்கள். தமிழில் அதற்குப் ‘பால்புதுமையர்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. இக்கட்டுரையிலும் அதையே பயன்படுத்துகிறேன்.

இந்த அடுக்கு தானாக உருவானதன்று. ஒரு சட்டம், ஒரு சுங்கத் திணைக்களம், ஒரு பாடசாலைச் சபை, உச்ச நீதிமன்றம் என்று பல வாசல்களைக் கடந்து வந்தது. அதைக் கட்டியவர்களுள் கொழும்பில் பிறந்து ரொறன்ரோவில் எழுதிய ஒருவரும் இருக்கிறார். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், இன்று அதே அடுக்கின்மேல் எழும் சத்தங்களையும் நிதானமாகக் கேட்கலாம்.

படக்கதை குற்றமாயிருந்த காலம்

ரொறன்ரோவில் பிள்ளைகளுக்கான நூலகப் பணியை நிறுவியவர் லிலியன் எச். சிமித். 1912இல் இங்கே வேலைக்கு வந்தார். பிரித்தானியப் பேரரசிலேயே சிறுவர் நூலகராக முறையான பயிற்சி பெற்ற முதலாமவர் என்று அவரைச் சொல்வார்கள். 1922இல் சென். ஜோர்ஜ் வீதியில் பிள்ளைகளுக்கென்றே ஒரு நூலக இல்லத்தைத் திறந்தார். தரத்தில் கறாரானவர். நல்ல நூல் எது என்று தேர்ந்து பிள்ளையின் கையில் கொடுப்பது நூலகரின் கடமை என்ற மரபு அவரோடு வேர்விட்டது. அந்த மரபில் படக்கதைக்கு இடம் இருக்கவில்லை.

நூலகத்துக்கு வெளியே நிலைமை வேறு. 1940 டிசம்பரில், போர்க்காலத்தில் அமெரிக்க டொலரைச் சேமிப்பதற்காகக் கனடா பல இறக்குமதிகளை நிறுத்தியது. அமெரிக்கப் படக்கதைகளும் அதில் அகப்பட்டுக்கொண்டன. அந்த வெற்றிடத்தில் ரொறன்ரோவில் பதிப்பகங்கள் கிளம்பின. உள்ளே கறுப்பு வெள்ளையில் அச்சிடப்பட்ட அந்த இதழ்களைக் ‘கனடிய வெள்ளைகள்’ என்று இன்று சேகரிப்போர் அழைக்கிறார்கள். வடதுருவ ஒளியின் நாயகியான நெல்வானா 1941இல் அப்படிப் பிறந்தவள். போர் முடிந்து தடை நீங்கியதும் அமெரிக்க இதழ்கள் திரும்பி வந்தன. குற்றக் கதைகளும் திகில் கதைகளும் அவற்றில் நிறைய.

1948இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் டோசன் கிறீக் என்ற சிற்றூரில் 13, 11 வயதுச் சிறுவர் இருவர் வீதியில் போன காரைச் சுட்டதில் ஒருவர் இறந்தார். சிறுவர்கள் படக்கதை வாசிப்பதில் மூழ்கிக் கிடந்தவர்கள் என்பது நாடெங்கும் பேசப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினர் டேவி ஃபுல்ற்றன் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். 1949இல் அது சட்டமாயிற்று. குற்றச் செயல்களைப் படங்களாகக் காட்டும் இதழ்களை அச்சிடுவதும் விற்பதும் குற்றம் என்றது சட்டம். இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். கொலையை எழுத்தில் விவரிக்கும் நாவலுக்கு அந்தப் பிரிவில் தடையில்லை. அதே கொலையைக் கோட்டுச் சித்திரமாக வரைந்தால்தான் குற்றம். அந்தப் பிரிவு குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது 2018இல்தான். ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பின்.

படத்தின்மேல் பெரியவர்களுக்கு இருந்த இந்தப் பயம் எங்களுக்கும் புதிதன்று. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தது. பிறகு 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து அவற்றை வாசித்த தலைமுறைதான் இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிராம்ப்டனிலும் பெற்றோராக இருக்கிறது. படம் பார்க்கிற பிள்ளை படிக்காது என்று அன்று அடி வாங்கியவர்களில் பலர் பிறகு நல்ல வாசகர்களாயினர். சிலர் எழுத்தாளர்களும் ஆயினர்.

எல்லையில் மறிக்கப்பட்ட பெட்டிகள்

1969இல் கனடா, வயதுவந்த இருவர் தனிமையில் விரும்பி வைத்துக்கொள்ளும் தன்பால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. அடுத்த ஆண்டு ரொறன்ரோவில் கிளாட் டே என்ற புத்தகக் கடை தொடங்கியது. நியூயோர்க்கின் ஒஸ்கார் வைல்ட் புத்தகக் கடை 2009இல் மூடப்பட்ட பிறகு, இன்றுவரை தொடரும் பால்புதுமையர் புத்தகக் கடைகளில் உலகிலேயே பழையது இது என்று சொல்லப்படுகிறது.

சட்டம் மாறினாலும் சுங்கம் மாறவில்லை. கிளாட் டேக்கு வந்த புத்தகப் பெட்டிகளை எல்லையில் அதிகாரிகள் பிரித்து, ஆபாசம் என்று தாங்கள் கருதியவற்றைப் பறித்து வைத்தார்கள். 1987இல் கடை ஒரு நூலுக்காக நீதிமன்றம் போய் வென்றது. பறிப்பு நிற்கவில்லை. வான்கூவரில் லிட்டில் சிஸ்டர்ஸ் என்ற கடைக்கும் இதே கதைதான். அவர்களின் வழக்கு 2000 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சுங்க அதிகாரிகள் இத்தகைய கடைகளைக் குறிவைத்துப் பாகுபாடு காட்டினார்கள் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பறித்த நூல் ஆபாசமில்லை என்று கடைக்காரர் நிரூபிக்க வேண்டும் என்ற விதியும் விழுந்தது.

இவையெல்லாம் வளர்ந்தோருக்கான புத்தகங்களைப் பற்றிய வழக்குகள். பிள்ளைகளின் புத்தகம் நீதிமன்றம் ஏறியது வேறு வழியால். 1990இல் ரொறன்ரோவின் விமென்ஸ் பிரெஸ் ‘ஆஷாஸ் மம்ஸ்’ என்ற சிறிய படப்புத்தகத்தை வெளியிட்டது. எழுதியவர்கள் ரோசமண்ட் எல்வின், மிஷேல் போல்ஸ். கதை மிக எளியது. ஆஷாவின் வகுப்பு சுற்றுலா போகிறது. அனுமதிப் படிவத்தில் இரண்டு அம்மாக்களின் கையெழுத்து இருக்கிறது. இரண்டு அம்மாக்கள் இருக்க முடியாது, படிவத்தைச் சரியாக நிரப்பிக் கொண்டு வா என்கிறார் ஆசிரியை. தான் சுற்றுலாவுக்குப் போக முடியாதோ என்பதுதான் ஆஷாவின் கவலை. முழு நூலிலும் அந்தக் கவலைக்கு மேல் ஒன்றும் இல்லை.

1997இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சறே நகரில் ஜேம்ஸ் சேம்பர்லேன் என்ற பாலர் வகுப்பு ஆசிரியர், இந்த நூலையும் இதுபோன்ற இன்னும் இரண்டையும் வகுப்பில் பயன்படுத்த அனுமதி கேட்டார். பாடசாலைச் சபை மறுத்தது. பெற்றோர் பலரின் மத நம்பிக்கைக்கு இது ஒவ்வாது, ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இது குழப்பம் என்பது சபையின் வாதம். வழக்கு ஒரு நீதிமன்றத்தில் வென்று அடுத்ததில் தோற்று, 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் வென்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதியரசர் பெவர்லி மக்லக்லின். அவர் தீர்ப்பின் சாரம் இது: இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள், ஆகவே மற்றப் பிள்ளைகள் அவர்களை எப்படியும் சந்திக்கிறார்கள், மற்றவரை மதித்துச் சேர்ந்து வாழக் கற்பதற்கு இந்த வயது போதாது என்று சொல்ல முடியாது.

தீர்ப்போடு சோலி முடியவில்லை. 2003இல் அதே சபை அதே மூன்று நூல்களையும் வேறு காரணங்கள் சொல்லி மறுபடி நிராகரித்தது. இலக்கணம் சரியில்லை என்பதும் அவற்றில் ஒன்று. ஆனால் அதே பொருள் கொண்ட வேறு நூல்களுக்கு இடம் கொடுத்தது. புத்தகங்களின் வரலாற்றில் இப்படியான அரை வெற்றிகள் நிறைய.

கொழும்பிலிருந்து வந்த பையன்கள்

கிளாட் டே சுங்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் ஈழத்தமிழர் பெருந்தொகையாக இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1983 யூலைக்குப் பின் வந்தவர்களில் ஒரு கொழும்புக் குடும்பம். தந்தை தமிழர், தாய் சிங்களவர். அவர்களின் மகன் ஷ்யாம் செல்வதுரைக்கு அப்போது 19 வயது. யோர்க் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1994இல் அவருடைய முதல் நூல் ‘ஃபனி போய்’ வெளியானது. அந்த ஆண்டுதான் கில்லர் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டது. அதன் இறுதிப் பட்டியலில் இந்நூலும் இருந்தது. சிறந்த முதல் நாவலுக்கான கனடிய விருதையும், பால்புதுமை இலக்கியத்துக்கான லாம்ப்டா விருதையும் பெற்றது.

அவர் வெற்றிடத்தில் எழுத வரவில்லை. தெற்காசிய ஆண்கள் சிலர் 1987இல் ரொறன்ரோவில் ‘குஷ்’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களின் முயற்சியிலிருந்து ‘தேஷ் பர்தேஷ்’ என்ற கலை விழா வளர்ந்து 2001 வரை நடந்தது. தெற்காசியராகவும் பால்புதுமையராகவும் ஒரே நேரத்தில் மேடையேற முடியும் என்று அது இந்த நகரத்துக்குக் காட்டியது.

‘ஃபனி போய்’ ஆறு தொடர்கதைகளால் ஆன நாவல். முதல் கதையில் ஏழு வயது அர்ஜி, பேத்தியார் வீட்டு வளவில் பெண்பிள்ளைகளோடு கலியாண விளையாட்டு விளையாடுகிறான். மணப்பெண் அவன்தான். சேலை சுற்றி நிற்கும் அவனை வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தியின் போட்டி பெரியவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதன்பின் அம்மா சேலை உடுத்தும்போது அவளுடைய அறையில் நிற்கவும் அவனுக்குத் தடை. ஏன் என்று கேட்கிறான். அம்மாவிடம் பதில் இல்லை. தந்தை பிறகு அவனை ஆண்பிள்ளையாக்கும் என்று நம்பி வேறொரு பாடசாலைக்கு மாற்றுகிறார். அங்கேதான் அவன் தன் முதல் காதலைக் காண்கிறான். கடைசிக் கதையில் 83 வருகிறது, வீடு எரிகிறது, குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது.

தலைப்பிலுள்ள ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள்: சிரிப்பூட்டுவது, வழமைக்கு மாறானது. பெரியவர்கள் எந்தப் பொருளில் சொன்னார்கள் என்று பிள்ளைக்கு விளங்கவில்லை. சொன்ன தொனி மட்டும் விளங்குகிறது. தமிழில் அந்த வேலையைச் செய்வது ‘ஒரு மாதிரி’ என்ற சொல். பொடியன் ஒரு மாதிரி என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும்; எல்லோருக்கும் விளங்கிவிடும். பொடியனுக்கும்தான்.

எங்கள் வீடுகளில் இந்த விடயம் வந்தால் அநேகமாகக் கேட்கும் வாக்கியம், இது இங்கத்தைப் பழக்கம், வெள்ளைக்காரரிடம் பிள்ளைகள் பழகிக்கொண்டது என்பது. அர்ஜி அதற்கு மறுப்பு. அவன் கனடாவைக் காணுமுன்பே, எந்தப் புத்தகத்தையும் வாசிக்குமுன்பே, பேத்தியார் வளவில் சேலைக்குள் நிற்கிறான். வெள்ளைக்காரர் எங்களுக்குத் தந்தது வேறொன்று. 1883இன் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை அவர்கள் எழுதியது. தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் அந்தக் கோவையைச் சேர்ந்தவை. 1995இல், அதாவது ‘ஃபனி போய்’ வந்ததற்கு அடுத்த ஆண்டு, இலங்கைப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. எடுத்துவிடுவதற்குப் பதிலாக ஆண் என்றிருந்த இடத்தில் ஆள் என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்தது. 2023இல் இந்தக் குற்றத்தை நீக்கும் மசோதா ஒன்று அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று இலங்கை உயர் நீதிமன்றம் சொன்னது.

‘ஃபனி போய்’ வளர்ந்தோருக்காக வெளியான நூல், வகுப்பறைகளுக்கும் போனது. பதின்ம வயதினருக்கென்றே செல்வதுரை எழுதியது 2005இல் ரொறன்ரோவின் டுண்ட்ரா பதிப்பகம் வெளியிட்ட ‘ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ’. கனடாவில் ஒரே பாலினத் திருமணம் நாடெங்கும் சட்டமானதும் அந்த ஆண்டுதான். கதை நடப்பது 1980இல் கொழும்பில். பெற்றோரை இழந்து, அம்மாவின் சிநேகிதியின் வீட்டில் வளரும் 14 வயது அம்ரித். கனடாவிலிருந்து தந்தையோடு வந்திறங்கும் மச்சான் நிரேஷ். பாடசாலையில் ஒதெல்லோ நாடகம். பொறாமை என்றால் என்னவென்று அம்ரித் மேடையில் படித்து, வீட்டில் உணர்கிறான். தான் மச்சானிடம் கொண்டிருப்பது வெறும் நட்பில்லை என்பது அந்தப் பொறாமையின் வழியாகத்தான் அவனுக்குப் புரிகிறது.

இந்த நூல் ஆளுநர் நாயகம் விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. இளையோர் நூலுக்கான லாம்ப்டா விருதை வென்றது. விருதுகளைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஸ்காபரோவில் பிறந்து, கொழும்பைப் படத்தில் மட்டும் கண்ட தமிழ்ப் பிள்ளை ஒன்று, தன் அப்பாவும் மாமாவும் பதினான்கு வயதில் இருந்த ஊரில் தன்னைப் போன்ற ஒருவன் இருந்திருக்கிறான் என்று அறிய இந்நூல் வழி செய்தது. அர்த்தநாரீஸ்வரரையும் சிகண்டியையும் காட்டி எங்கள் மரபு எல்லாவற்றையும் ஏற்றது என்று சொல்பவர்கள் உண்டு. பிள்ளைக்குப் புராணம் போதாது. பாடசாலை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருக்கக்கூடிய ஒருவன் வேண்டும்.

கோடும் சொல்லும்

இனிப் படக்கதைக்குத் திரும்புவோம். 2003இல் ரொறன்ரோ கொமிக் கலை விழா தொடங்கியது. 2009இல் அது யங் வீதியிலுள்ள ரொறன்ரோ ஆய்வு நூலகத்துக்குள் குடிபுகுந்தது. ஒரு காலத்தில் சட்டம் விரட்டிய வடிவத்துக்கு நகரின் மிகப் பெரிய நூலகமே பந்தல் போட்டது. 2011இல், பிள்ளைகளுக்கான படக்கதைகளை மட்டும் விற்கும் லிட்டில் ஐலண்ட் என்ற கடை திறந்தது. வட அமெரிக்காவில் அத்தகைய முதற் கடை என்று பேசப்பட்டது. அதன் தாய்க்கடையான பிகைலிங் இன்று கொலிஜ் வீதியில் இருக்கிறது; லிலியன் சிமித்தின் பெயர் தாங்கிய நூலகக் கிளையிலிருந்து நடந்து போகும் தூரம்.

அந்தக் காலத்தின் முக்கியமான நூல் 2008இல் ரொறன்ரோவின் கிரவுண்ட்வுட் பதிப்பகம் வெளியிட்ட ‘ஸ்கிம்’. எழுதியவர் மரிக்கோ தமாக்கி; வரைந்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி ஜிலியன் தமாக்கி. 1993இல் ரொறன்ரோவில் பெண்கள் பாடசாலை ஒன்றில் படிக்கும் ஜப்பானிய வழி மாணவி, தன் ஆசிரியையிடம் காதல் கொள்கிறாள். ஆளுநர் நாயகம் விருதுக்கு அந்நூல் முன்மொழியப்பட்டபோது எழுத்துக்கான பிரிவில் மரிக்கோவின் பெயர் மட்டுமே இருந்தது. செஸ்ரர் பிரவுணும் செத்தும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இருவரும் கனடாவின் மூத்த படக்கதைக் கலைஞர்கள். படக்கதையில் கோடும் ஒரு எழுத்துத்தான், வரைந்தவரை விட்டுவிட்டு எழுதியவரை மட்டும் எப்படிக் கௌரவிக்க முடியும் என்பது அவர்கள் கேட்டதன் சாரம். ஆறாண்டுகளின் பின் தமாக்கிகளின் ‘திஸ் வன் சமர்’ சித்திரப் பிரிவில் அதே விருதை வென்றது. 2016இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில், அகற்றக் கோரி அதிகம் முறையிடப்பட்ட நூலும் அதுவே.

தெற்காசியர் பக்கத்தில் விவேக் ஷ்ராயாவைச் சொல்ல வேண்டும். எட்மன்டனில் பிறந்து ரொறன்ரோவுக்கு வந்தவர். 2010இல் ‘கோட் லவ்ஸ் ஹெயர்’ என்ற சித்திரங்களோடு கூடிய சிறுகதை நூலைத் தானே பதிப்பித்தார். பக்தி மிகுந்த ஒரு வீட்டில் வளரும் பையனின் சிறுபிராயம் அதன் பொருள். 2016இல் அவர் எழுதிய ‘த போய் அண்ட் த பிந்தி’ சிறு பிள்ளைகளுக்கான படப்புத்தகம். ஐந்து வயதுப் பையன் தாயின் நெற்றிப் பொட்டில் மயங்கி, தனக்கும் ஒன்று கேட்கிறான், தாய் வைத்துவிடுகிறார். அதற்குப் படம் வரைந்தவர் இலங்கையில் பிறந்து ரொறன்ரோவில் வாழும் ரஜ்னி பெரேரா.

இந்தச் சிறு நூலைத் தமிழ்க் கண்ணோடு பார்த்தால் வேறொன்றும் தெரியும். எங்கள் வீடுகளில் ஆண்குழந்தைக்குப் பொட்டு வைப்பது வழமை. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும், நெற்றியில் கறுத்தப் பொட்டும், சில வேளை கண்ணுக்கு மையும் வைத்துப் படம் பிடித்துச் சட்டம் போட்டு மாட்டுவோம். ஒரு வயதுக்குப் பின் அதே பொட்டு அவனுக்கு விலக்கு. அந்த வயது எது, அதை யார் குறித்தார்கள் என்று நாங்கள் யோசித்ததில்லை. ஷ்ராயாவும் பெரேராவும் அந்தக் கேள்வியை ஐந்து வயதுப் பிள்ளையிடமல்ல, அந்த நூலை மடியில் வைத்து வாசித்துக் காட்டும் பெரியவரிடமே வைக்கிறார்கள். இவ்வகை நூல்களில் சிறந்தவை எல்லாவற்றிலும் இது நடக்கிறது. அர்ஜியின் கதையில் பரீட்சை எழுதுவது அர்ஜியில்லை, அம்மா. ஆஷாவின் கதையில் ஆசிரியை. பெரியவர்களுக்கு இந்நூல்கள்மேல் வரும் கோபத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன்.

மறுபடியும் படம்

2025இல் அல்பேர்ட்டா மாகாண அரசு பாடசாலை நூலகங்களிலுள்ள பாலியல் சித்திரிப்புகளைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது உதாரணமாக எடுத்துக் காட்டிய நூல்கள் நான்கு. நான்கும் கிராஃபிக் நாவல்கள். அவற்றில் மூன்று பால்புதுமையரின் வாழ்வைச் சொல்பவை: மாயா கொபாபேயின் ‘ஜென்டர் குயர்’, அலிசன் பெக்டெலின் ‘ஃபன் ஹோம்’, மைக் குராட்டோவின் ‘ஃபிளேமர்’. யூலையில் வந்த அமைச்சரின் ஆணை எழுத்தையும் படத்தையும் சேர்த்துத் தடுத்தது. அதன்படி எட்மன்டன் பாடசாலைச் சபை தயாரித்த 200க்கும் மேற்பட்ட நூல்களின் பட்டியலில் மார்கரெட் அற்வூட்டின் புகழ்பெற்ற நாவலும் வந்துவிழவே, அரசு பின்வாங்கியது. செப்ரெம்பரில் வந்த திருத்திய ஆணை படமாகக் காட்டப்படுபவற்றுக்கு மட்டும் பொருந்தும். எழுத்து தப்பியது, கோடு அகப்பட்டது. 1949இன் சட்டத்தை வாசித்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

பெற்றோரின் கவலையை நான் பகிடியாக எடுக்கவில்லை. எந்த வயதில் எந்தப் படம் என்பது நியாயமான கேள்வி. ‘ஜென்டர் குயர்’ ஏழு வயதுப் பிள்ளைக்கான நூலில்லை என்பதை எந்த நூலகரும் ஒப்புக்கொள்வார். அதற்காகத்தான் பதின்மருக்குத் தனி அடுக்கு இருக்கிறது. ஆனால் ‘ஆஷாஸ் மம்ஸ்’ நூலில் மறைக்க வேண்டிய படம் ஒன்றுகூட இல்லை. அதுவும் மறுக்கப்பட்டது. வயதைப் பற்றிய கேள்வி எங்கே முடிகிறது, இந்த மனிதர்கள் கதையில் வரவே கூடாது என்ற விருப்பம் எங்கே தொடங்குகிறது என்பதை இந்த இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரித்தறியலாம்.

அகற்றும் கை ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல், தமிழர் பலரின் பிள்ளைகள் படிக்கும் பீல் பிரதேசப் பாடசாலைகளில் நூலக அடுக்குகள் வெறுமையாகியிருப்பதாக மாணவர்கள் சொன்னார்கள். சமத்துவத்தின் பெயரால் நடந்த நூற்கழிப்பில் 2008க்கு முந்தியவை பெருமளவில் போய்விட்டன என்பது முறைப்பாடு. கல்வி அமைச்சர் அதை நிறுத்தச் சொன்னார். வெளியான ஆண்டை மட்டும் பார்த்துக் கழித்தால் 1994இன் அர்ஜியும் 2005இன் அம்ரித்தும் முதலில் போய்விடுவார்கள். பன்மைக்காக வெறுமையாக்கும் அடுக்கில் பன்மையின் வரலாறே மிஞ்சாது.

அர்ஜிக்கு ஒரு தமிழ்ச் சொல்

2020இல் தீபா மேத்தா ‘ஃபனி போய்’ நாவலைத் திரைப்படமாக்கினார். ரொறன்ரோத் தமிழர் மத்தியில் பெரிய சர்ச்சை எழுந்தது. தமிழ்ப் பாத்திரங்களில் தமிழர் நடிக்கவில்லை, பேசப்படும் தமிழ் காதில் விழ முடியாதபடி இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. விமர்சித்தவர்களில் பால்புதுமைத் தமிழரும் இருந்தார்கள். படத்தில் ஆங்கிலமே கூடுதல் என்பதால் ஒஸ்காரின் வேற்றுமொழிப் பிரிவிலும் அது ஏற்கப்படவில்லை. அர்ஜியின் தமிழ் சரியாக ஒலிக்க வேண்டும் என்று கேட்டது நியாயம். ஆனால் நாங்கள் அதோடு நின்றுவிட்டோம். அர்ஜி தமிழில் தன்னைப் பற்றி என்ன சொல்லைச் சொல்வான் என்ற கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலை நடந்திருக்கிறது. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ திருநங்கையரை நாவலுக்குள் கொண்டு வந்தது. பிறகு ‘நான், வித்யா’ போன்ற தன்வரலாறுகளில் அவர்களே பேசினார்கள். 2018இல் சென்னையில் பால்புதுமையர் இலக்கிய விழா நடந்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழ்நாடு அரசு மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலொன்றை அரசிதழில் வெளியிட்டது. சொல் இல்லை என்ற சாட்டு இனிச் செல்லாது.

எங்கள் நிலைமை வேறு விதமானது. இந்த நகரத்தின் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதை ஆங்கிலத்தில் கிடைக்கிறது. வீடு தமிழில் இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் திருக்குறளும் உறவுமுறைப் பெயர்களும் கற்கும் பிள்ளைக்கு, அம்ரித்தைப் பற்றிச் சொல்லத் தமிழில் தெரிந்த சொற்கள் எவை? விளையாட்டிடத்திலும் சினிமாப் பகிடிகளிலும் கேட்ட வசைச்சொற்கள்தான். அந்தச் சொற்களைக் கொண்டு அம்மாவிடம் தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் அமைக்க முடியாது. அதனால் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லும், அல்லது சொல்லாமலே விடும். பேத்தியாரிடம் நிச்சயம் சொல்லாது. அந்த மௌனத்தைப் பார்த்து நாங்கள் எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

இதற்குச் செய்யக்கூடியவை பெரிய காரியங்களில்லை. இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்கள் அடுத்த முறை நூலகம் போகும்போது பிள்ளையின் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து வாசிக்கலாம். படக்கதை ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். தமிழ் வகுப்பு நடத்துபவர்கள் உறவுப் பெயர்களோடு அரசிதழின் நான்கு சொற்களையும் சேர்க்கலாம். மொழிபெயர்ப்பாளர்கள் பதினான்கு வயதுக்கான தமிழில் ஒரு நூலைத் தர முயலலாம். அந்தத் தமிழ் எங்களிடம் மெலிந்துதான் கிடக்கிறது. இளையோருக்கு எழுதுவதைச் சிறு வேலை என்று நாங்கள் ஒதுக்கியதன் விளைவு அது. வரையத் தெரிந்த பிள்ளைகள் இந்த நகரத்தில் நிறைய இருக்கிறார்கள். ஸ்காபரோவின் ஒரு மாடிக்குடியிருப்பையும், அதில் ஒரு அம்மம்மாவையும், அம்மம்மாவுக்குத் தமிழில் ஒரு விடயத்தைச் சொல்லத் தடுமாறும் பேரப்பிள்ளையையும் அவர்களில் ஒருவர் வரைந்து, பேச்சுக் குமிழிகளில் தமிழ் எழுதி வெளியிட்டால், அது இரண்டு அடுக்குகளில் எதில் வைக்கப்பட வேண்டும் என்று நூலகர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.